மக்தபா, வீட்டு ஹஜ்ரத்தா, இணைய வகுப்பா? பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு சிறு சூரா

காயல்பட்டினத்திலோ மேலப்பாளையத்திலோ வளரும் பிள்ளையை ஓத எங்கே அனுப்புவது என்று யாரும் யோசிப்பதில்லை. தெருவிலேயே மதரஸா இருக்கும், ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத் தமிழில் பேசுவார், பொருள் கேட்டால் தமிழில் சொல்வார். பெங்களூருக்குக் குடிவந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துக்கு அது அமைவதில்லை. சிவாஜி நகர், டேனரி ரோடு, நீலசந்திரா, ஃப்ரேசர் டவுன் என்று எந்தப் பக்கம் போனாலும் மக்தபுக்கு, அதாவது மஸ்ஜிதை ஒட்டி நடக்கும் ஓதல் வகுப்புக்கு, குறைவில்லை. ஆனால் சொல்லிக்கொடுக்கும் மொழி பெரும்பாலும் உருது. பிள்ளைக்குப் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும், தெருவில் தக்னி உருது, வீட்டில் தமிழ். இந்த நிலையில் ஒரு சிறு சூராவை (குர்ஆன் அத்தியாயத்தை) சரியாக ஓதவும், ஓதியதை மனதில் போட்டுப் பார்க்கவும் பிள்ளைக்கு யார் கற்றுக்கொடுப்பது?

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாக்கைத் திருத்துவது ஒரு வேலை, பொருளைச் சிந்திக்க வைப்பது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே ஆள் செய்யவேண்டும் என்று தேடும்போதுதான் வருடம் வீணாகிறது. நாக்கை, நேரில் உட்கார்ந்து காதால் கேட்டுத் திருத்தும் ஒருவரிடம் கொடுங்கள். அவர் எந்த மொழி பேசினாலும் பரவாயில்லை. சிந்தனையை வீட்டில், தமிழில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்த இரண்டு வேலைகளையும் பிரித்து வைத்துத்தான் செய்யப்பட்டிருக்கிறது.

எதை வைத்து அளப்பது

வகுப்புகளைப் பொதுவாக ஒப்பிட்டால் எல்லாம் நல்லதாகவே தெரியும். ஒரு சூராவை வைத்து அளந்தால்தான் வித்தியாசம் புலப்படும். அதற்கு அல்-அஸ்ர் மிகவும் பொருத்தமானது. குர்ஆனின் 103வது அத்தியாயம், 3 வசனம், 14 சொல். நிதானமாக ஓதினாலும் அரை நிமிஷம் ஆகாது. ஆனால் தமிழ்ப் பிள்ளையின் நாக்கு தடுக்கும் இடங்களில் முக்கியமானவை ஏறக்குறைய எல்லாமே அதற்குள் இருக்கின்றன.

முதல் வசனம் முடியும் இடத்தையும் இரண்டாம் வசனம் முடியும் இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது 'அஸ்ர்' என்று முடிகிறது, இரண்டாவது 'குஸ்ர்' என்று முடிகிறது. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் அதே 'ஸ்ர்'. அரபியில் முன்னதில் இருப்பது ஸாத், பின்னதில் இருப்பது ஸீன். ஸாதில் நாக்கின் பின்பகுதி மேலே எழும்பி வாய் நிறைய ஒலி கனமாக வரும். ஸீனில் நாக்கு தாழ்ந்து ஒலி மெல்லியதாக வரும். இந்தச் சூராவில் மட்டும் 5 சொற்களில் ஸாத் வருகிறது, 2 சொற்களில் ஸீன் வருகிறது. யாரும் பக்கத்தில் இருந்து திருத்தாத பிள்ளை ஏழையும் ஒரே 'ஸ'வாக ஓதிவிடும்.

அடுத்தது முடிப்பு. மூன்று வசனங்களும் 'ஸ்ர்', 'ஸ்ர்', 'ப்ர்' என்று இரட்டை மெய்யில் நிற்கின்றன. தமிழ்ச் சொல் இப்படி நிற்காது. அதனால் நம் பிள்ளைகள் தன்னையறியாமல் 'அஸ்ரு', 'குஸ்ரு', 'ஸப்ரு' என்று ஓர் உகரத்தை ஒட்டிவிடும், அல்லது 'குஸர்' என்று நடுவில் ஓர் உயிரைச் செருகிவிடும். 'ஸப்ர்' சொல்லில் நிற்கும் ப, கல்கலா எழுத்து. உதடு மூடித் திறக்கும்போது ஒரு சின்ன அதிர்வு வரவேண்டும், ஆனால் அது 'ஸபர்' ஆகிவிடக் கூடாது. கடைசி ரா மூன்று இடத்திலும் கனமான ரா. இதைக் காதால் கேட்டு, உடனே நிறுத்தி, மறுபடி சொல்லவைக்கும் ஆள் வேண்டும். வேறு எந்த வழியிலும் இது திருந்துவதில்லை.

வாவ் எழுத்தும் அப்படித்தான். மெய்யாக வரும் வாவ் இந்தச் சூராவில் 8 இடத்தில் இருக்கிறது. தமிழின் 'வ'வில் மேற்பல் கீழுதட்டைத் தொடும். வாவுக்கு இரண்டு உதடும் குவியவேண்டும், பல் படக்கூடாது. உருது பேசுபவர்களுக்கும் இதே பல் பழக்கம் உண்டு. அதனால் சில மக்தப்களில் இந்தத் தவறு கண்டுகொள்ளப்படாமலே போகிறது. 'தவாஸவ்' என்பதைத் 'தவாஸோ' என்று ஓதிவிடுவதும் இதோடு சேர்ந்த பிழை.

இன்னும் சில: 'இன்ன' என்ற இடத்தில் மூக்கில் இரண்டு அளவு நிற்கும் குன்னா. 'இன்ஸான்' என்ற இடத்தில் நூன் முழுதாக ஒலிக்காமல், நாக்கு அண்ணத்தைத் தொடாமல், மூக்கில் மறைந்து வரவேண்டும். 'குஸ்ர்' தொடங்கும் எழுத்து ஜீம், ஹா, கா என்ற வரிசையில் மூன்றாவது, தொண்டையின் மேல்முனையில் உரசி வருவது. அதைத் தமிழ் 'க'வாக அடித்துவிடக் கூடாது. 'ஹக்'கில் பெரிய ஹாவும், இரண்டு புள்ளிக் காஃபும். அந்தக் காஃபுக்கு ஷத்து (எழுத்தை இரட்டித்து அழுத்தும் குறி) இருக்கிறது, பிள்ளை அவசரத்தில் அதை விழுங்கும்.

ஆக, ஒரு வகுப்பு நல்லதா என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை இது. அங்கே ஆறு மாதமாக ஓதும் ஒரு பிள்ளையை அல்-அஸ்ர் ஓதச் சொல்லிக் கேளுங்கள். 'அஸ்ர்' வேறு, 'குஸ்ர்' வேறு என்று உங்கள் காதுக்கே தெரிந்தால் அங்கே யாரோ கேட்டுத் திருத்துகிறார்கள் என்று பொருள்.

மக்தப்

பெரும்பாலான மஸ்ஜித்களில் விடியற்காலை ஃபஜ்ர் தொழுகைக்குப் பிறகு ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை ஓதல் நடக்கும். பள்ளிக்கூட வேன் ஏழு, ஏழேகாலுக்கே வந்து நிற்கும் வீட்டில் காலை வேளை கஷ்டம். மாலை வேளையை, சூரியன் மறைந்ததும் வரும் மக்ரிப் தொழுகைக்கு முன் வைக்கிறார்களா, பின் வைக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். பெங்களூரில் நவம்பர்க் கடைசியில் சூரியன் 5:50 வாக்கில் இறங்கிவிடும், ஜூலைத் தொடக்கத்தில் 6:50 வரை இருக்கும். அஸருக்கும் மக்ரிபுக்கும் நடுவில் நடக்கும் வகுப்புக்கு ஜூலையில் போய்ச் சேர்ந்த பிள்ளை நவம்பரில் பள்ளி வேனிலேயே உட்கார்ந்திருக்கும். மக்ரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் நடப்பது என்றால் வருடம் முழுக்கத் தாங்கும்.

ஹஜ்ரத்துக்கு ஒரு மணி நேரம், 25 பிள்ளை. தலைக்கு இரண்டரை நிமிஷம் கூட வராது. பெற்றோர் இதைக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் மக்தபே வேண்டாம் என்று முடிவெடுக்கிறார்கள். அது சரியான கணக்கு இல்லை. அரை நிமிஷத்துச் சூராவை இரண்டு நிமிஷத்தில் மூன்று முறை கேட்டு, இரண்டு இடத்தில் திருத்தலாம். தினமும் இது நடந்தால் அதற்கு ஈடு இல்லை. அந்த இரண்டு நிமிஷம் ஹஜ்ரத் பிள்ளையின் வாயைப் பார்த்துக் கேட்கிறாரா, அல்லது கைபேசியைப் பார்த்துக்கொண்டே 'ஆகே சலோ' (மேலே போ) என்கிறாரா என்பதுதான் விஷயம். அனுமதி கேட்டு ஒரு மாலை பின்னால் உட்கார்ந்து பாருங்கள். 'பிர் சே படோ' (மறுபடி ஓது) என்ற சொல் அடிக்கடி காதில் விழுந்தால் நல்ல இடம். கையில் பிரம்பு இருந்தால் அந்த இடம் வேண்டாம். அடிக்குப் பயந்து ஓதும் பிள்ளை வேகமாக ஓதி முடிக்கப் பழகும், வேகத்தில் மத்தும் (நீட்டி ஓதுவதும்) குன்னாவும்தான் முதலில் போகும்.

கூட்டாக ஓதுவதில் ஒரு நன்மையும் ஓர் ஆபத்தும் உண்டு. ஓதத் தயங்கும் பிள்ளை கூட்டத்தில் வாய் திறக்கும், சந்தமும் நிற்கும் இடமும் தானாகப் படியும். ஆனால் தவறும் அதே வேகத்தில் பரவும். மூன்றாம் வசனத்தில் 'தவாஸவ்' இரண்டு முறை வருகிறது. கூட்டாக ஓதும்போது முதல் 'தவாஸவ்'விலிருந்து நேரே 'ஸப்ர்'க்குத் தாவிவிட்டு, நடுவில் 'ஹக்'கை விட்டுவிடும் பிள்ளையை யாரும் கவனிக்க முடியாது. தனியாக ஓதவிட்டால்தான் அது வெளியே தெரியும்.

மொழி விஷயத்துக்கு வருவோம். 'ஜபர், ஜேர், பேஷ்' என்று உயிர்க்குறிகளைச் சொல்லி எழுத்துக்கூட்டுவது தமிழ் மதரஸாவிலும் உண்டு, இங்கேயும் உண்டு. அந்த அளவில் பிள்ளைக்கு இடைஞ்சல் இல்லை. 'கல் யாத் கர்கே ஆனா' (நாளைக்கு மனனம் செய்துகொண்டு வா) என்பது போன்ற ஏவல்களையும் பிள்ளை சில வாரத்தில் பிடித்துக்கொள்ளும். பொருள் சொல்லும்போதுதான் உருது தடையாகிறது. 'கசாரா' (நஷ்டம்), 'நேக் அமல்' (நற்செயல்) என்று ஹஜ்ரத் அக்கறையோடு விளக்குவார். உருது பேசும் வீட்டுப் பிள்ளைக்கே அதில் பாதி புத்தக மொழி, தமிழ்ப் பிள்ளைக்கு அது வெறும் ஓசை. இதை ஹஜ்ரத்தின் குறையாகப் பார்க்காதீர்கள். அந்த வேலையை அவரிடம் கேட்காமல் இருந்தால் போதும்.

நீங்கள் ஷாஃபி மத்ஹபைப் (மார்க்கச் சட்ட வழியை) பின்பற்றும் குடும்பம் என்றால் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். இங்குள்ள மக்தப்களில் பெரும்பாலானவை ஹனஃபி வழி. தொழுகையில் பிஸ்மில்லாவைச் சத்தமாக ஓதுவது, ஃபஜ்ரில் குனூத், கை உயர்த்துவது போன்றவற்றில் பிள்ளை வீட்டில் ஒன்றும் மஸ்ஜிதில் ஒன்றும் கேட்டுக் குழம்பும். சூரா ஓதலில் வேறுபாடு ஒன்றும் இல்லை, இரண்டு பக்கமும், ஓதல் ஆசிரியர் ஆஸிமிடமிருந்து அவர் மாணவர் ஹஃப்ஸ் அறிவித்த ஓதல்தான்.

வீட்டுக்கு வரும் ஹஜ்ரத், ஆலிமா

அரை மணி நேரம் முழுக்க உங்கள் பிள்ளைக்கு. நாக்கு வேகமாகத் திருந்தும். ஒன்பது, பத்து வயதுக்கு மேல் பெண் பிள்ளைக்கு ஆலிமாதான் (மார்க்கம் கற்ற பெண் ஆசிரியர்தான்) வேண்டும் என்று நினைக்கும் வீடுகளுக்கு இது வசதி. ஆனால் பெங்களூரில் தமிழ் பேசும் ஆலிமா கிடைப்பது அரிது, உருது ஆலிமா எளிதில் கிடைப்பார்.

இதில் வரும் பிரச்சினை ஓதலைச் சேர்ந்ததல்ல. ஹஜ்ரத் ஐந்து வீடு ஏறி இறங்குகிறவர். ஹெப்பாளிலோ சில்க் போர்டிலோ போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டால் அன்று வகுப்பு இருபது நிமிஷமாகும், அல்லது இல்லாமலே போகும். வாரம் ஐந்து நாள் என்று பேசியது மூன்று நாளாகத் தேயும். சிறு சூராவுக்கு வாரம் மூன்று அரை மணியை விடத் தினமும் பத்து நிமிஷம் எத்தனையோ மேல். அதனால் நேரத்தைக் குறைத்து நாட்களைக் கூட்டிப் பேசுங்கள். உங்கள் தெருவிலேயே இருக்கும் மஸ்ஜிதில் பாங்கு சொல்லும் முஅத்தினோ துணை இமாமோ ஓதிக்கொடுப்பவராக இருந்தால் தூரத்துப் பெயர்பெற்ற காரியை (குர்ஆன் ஓதுவதில் தேர்ந்தவரை) விட அவரே நல்லது. கூடத்தில், கதவைத் திறந்துவைத்து, வீட்டில் ஒருவர் இருக்கும்போது மட்டும் வகுப்பு நடக்கட்டும். இதை முதல் நாளே சொன்னால் யாருக்கும் சங்கடமில்லை.

இணையத்தில் தமிழ் உஸ்தாத்

எலக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு போன்ற பக்கங்களில் அடுக்குமாடியில் இருக்கும் குடும்பங்கள் இப்போது அதிகம் போவது இந்த வழியில். தமிழ்நாட்டிலிருந்து தமிழ் உஸ்தாத் (ஆசிரியர்), தமிழ் ஆலிமா. பொருள் தமிழில் கிடைக்கும் என்பதே பெரிய ஈர்ப்பு, அது நியாயமானதும் கூட.

ஆனால் ஓதலில் இதன் குறை கருவியிலேயே இருக்கிறது. கைபேசி அழைப்பு, நெட்வொர்க் தளரும்போது ஒலியைச் சுருக்கும். உரசி வரும் மெல்லிய ஒலிகள் முதலில் அடிபடும். 'அல்லதீன' என்பதில் நாக்கு நுனி மேற்பல் முனையைத் தொடும் தாலை, பிள்ளை ஜாவாகச் சொன்னாலும் அந்தப் பக்கம் தாலாகவே கேட்கலாம். பெரிய ஹாவுக்கும் சின்ன ஹாவுக்கும் அதே கதி. போதாததற்கு, பின்னணி இரைச்சலை நீக்கும் வசதி, ஒரே சீராக நீளும் ஒலியை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வெட்டும். குன்னாவும் மத்தும் பாதியில் நறுக்கியது போலப் போய்ச் சேரும், உஸ்தாத் 'இன்னும் நீட்டு' என்பார், பிள்ளை தேவைக்கு மேல் நீட்டப் பழகும்.

இதற்குச் சில கைவைத்தியம் உண்டு. ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பைப் போடுங்கள். கம்பி வைத்த இயர்போனின் மைக் வாய்க்குப் பக்கத்தில், ஆனால் நேர் எதிரே இல்லாமல் சற்றுக் கீழே இருக்கட்டும். கேமரா பிள்ளையின் வாய்க்கு நேராக இருக்கவேண்டும். நெற்றியும் மின்விசிறியும் தெரியும்படி வைத்தால் உதடு குவிகிறதா, பல் படுகிறதா என்று உஸ்தாத் பார்க்க முடியாது. சேர்ந்து ஓதவைக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒலி சற்றுப் பிந்துவதால் பிள்ளை தன் குரலைக் கேட்காமல் பிந்திய குரலைத் துரத்தும். உஸ்தாத் ஓத, பிள்ளை கேட்டு, பிறகு தனியாக ஓதட்டும். எல்லாவற்றையும் விட, வகுப்பு முடிந்தபின் அமைதியான அறையில் சூராவைக் குரல்பதிவாக அனுப்பச் சொல்லும் உஸ்தாத் கிடைத்தால் விடாதீர்கள். பிள்ளை அனுப்புமுன் தானே கேட்டு, 'இல்ல, மறுபடி ஓதுறேன்' என்று அழித்துவிட்டு ஓதும். அந்தக் காது உருவானால் பாதி வேலை முடிந்தது.

எழுத்தே அறியாத ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு இணைய வகுப்பை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். நாக்கு ஒருமுறை நேரில் திருந்திய, எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நன்றாக உதவும்.

வார இறுதியில் ஆங்கிலத்தில் நடக்கும் இஸ்லாமிய வகுப்புகளும் உண்டு. கைவேலை, கதை, கேள்வி பதில் என்று சிந்தனைப் பக்கத்தை அழகாகச் செய்வார்கள். வாரம் ஒரு நாளில் ஓதல் வராது. கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், இதையே நம்பியிருக்க முடியாது.

ஒலிப்பதிவு மட்டும் போதுமா

போதாது, ஆனால் இது இல்லாமலும் முடியாது. எகிப்தின் மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரீ (1917–1980), முஹம்மது ஸித்தீக் அல்-மின்ஷாவீ (1920–1969) இருவரின் குரலிலும், காரி ஓத, பிள்ளைகள் பின்பற்றி ஓதும் பதிவுகள் இருக்கின்றன. 'முஅல்லிம்' என்ற பெயரில் தேடினால் கிடைக்கும். உணர்ச்சிவசமான, எதிரொலி சேர்த்த இன்றைய பதிவுகளை விடச் சிறு பிள்ளைக்கு இவை நல்லவை. ஒவ்வொரு எழுத்தும் துலங்கும், நிற்கும் இடம் தெளிவாக இருக்கும். ஒரே காரியை வைத்துக்கொள்ளுங்கள். இன்று ஒருவர், நாளை ஒருவர் என்றால் சந்தம் பிள்ளைக்கு நிற்காது.

ஒலிப்பதிவு பேசும், கேட்காது. பிள்ளை தான் சரியாக ஓதுவதாகவே நம்பும். தஜ்வீத் (ஓதல் விதிகள்) தெரிந்த பெற்றோர் பக்கத்தில் இருந்தால் இந்த வழியே முழு வழியாகும். தெரியாத வீட்டில் இது மக்தபுக்குத் துணை மட்டுமே.

இதோடு சேர்த்து ஓர் எச்சரிக்கை. தமிழ் எழுத்தில் அச்சிட்ட சூராக்களை வைத்து மனனம் செய்யவைக்காதீர்கள். அவற்றில் 'வல் அஸ்ரி' என்று அச்சிட்டிருக்கும். ஓதி நிற்கும்போது அது 'வல் அஸ்ர்' என்றுதான் நிற்கவேண்டும். ஸாதும் ஸீனும் ஒன்றாகிவிடும், ஐனும் அலிஃபும் ஒன்றாகிவிடும். இப்படி மனனமான சூராவைத் திருத்துவது, புதிதாகக் கற்பிப்பதை விட மூன்று மடங்கு வேலை. இந்தக் கட்டுரையில் தமிழ் எழுத்தில் எழுதியிருப்பதும் இடத்தை அடையாளம் காட்ட மட்டுமே.

முஸ்ஹஃபிலும் (குர்ஆன் பிரதியிலும்) கவனம் வேண்டும். மக்தபில் நம் நாட்டு அச்சு, வீட்டில் உம்ராவிலிருந்து கொண்டுவந்த மதீனா அச்சு என்று இரண்டு இருந்தால், குறிகள் மாறியிருப்பதைப் பார்த்துப் பிள்ளை திணறும். மக்தபில் எது இருக்கிறதோ அதையே வீட்டிலும் வையுங்கள்.

வீட்டுப் பங்கு: ஓதல் பத்து நிமிஷம்

முதல் மூன்று நாள் பிள்ளை ஓதவேண்டாம், கேட்டால் போதும். காலையில் ஒருமுறை, தூங்கும்போது ஒருமுறை. நான்காம் நாளிலிருந்து முதல் இரண்டு வசனம். மூன்றாம் வசனத்தை நான்கு துண்டாக்குங்கள்: 'ஆமனூ' வரை, 'ஸாலிஹாத்' வரை, 'ஹக்' வரை, 'ஸப்ர்' வரை. கடைசித் துண்டிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொன்றாகச் சேருங்கள். அப்போது பிள்ளை எப்போதும் தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்துக்குப் போகும், முடிவில் தடுமாறாது. முன்னிருந்து சேர்த்தால் முதல் துண்டு நூறு முறையும் கடைசித் துண்டு பத்து முறையும் ஓதப்பட்டிருக்கும். பல பிள்ளைகளுக்குச் சூராவின் கடைசி இழுபறியாக இருப்பதற்குக் காரணமே இதுதான்.

மூச்சு போதாமல் நடுவில் நின்றால், நின்ற இடத்திலிருந்து தொடராமல், ஒன்றிரண்டு சொல் பின்னால் போய் எடுத்து ஓதச் சொல்லிக்கொடுங்கள். ஹஜ்ரத் திருத்தியதை நீங்கள் மாற்றித் திருத்தாதீர்கள். சந்தேகம் இருந்தால் மறுநாள் அவரிடமே கேளுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் பிள்ளை இருவர் சொல்வதையும் கேட்காது. நாளுக்குப் பத்து நிமிஷம் வைத்தால் இரண்டு முதல் மூன்று வாரத்தில் அல்-அஸ்ர் உறுதியாக நிற்கும். அதற்கு முன்பே ஒப்பித்துவிட்டது என்று அடுத்த சூராவுக்குத் தாவினால் இரண்டும் கலங்கும்.

வீட்டுப் பங்கு: சிந்தனை

இதை ஓதலோடு கலக்காதீர்கள். ஓதும் நேரத்தில் பொருள் கேட்பதும், பொருள் பேசும் நேரத்தில் 'ஸாதைச் சரியா சொல்லு' என்பதும் இரண்டையும் கெடுக்கும். வேறு வேளை வையுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து, ஏழு நிமிஷம். அத்தாவோ வாப்பாவோ உம்மாவோ, பிள்ளை யாரிடம் அதிகம் வாயடிக்குமோ அவர் செய்யட்டும்.

பொருளை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: காலத்தின் மீது சத்தியமாக, மனிதன் நஷ்டத்தில் இருக்கிறான், ஈமான் கொண்டு, நற்செயல் செய்து, சத்தியத்தைக் கொண்டு ஒருவருக்கொருவர் அறிவுறுத்தி, பொறுமையைக் கொண்டு ஒருவருக்கொருவர் அறிவுறுத்தியவர்களைத் தவிர. இதை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம். ஒரு நாளுக்கு ஒரு துண்டு பேசினால் போதும்.

'காலம்' என்பது சிறு பிள்ளைக்குப் பிடிபடாத ஒன்று. இதற்கு இமாம் ராஸீயின் தஃப்ஸீரில் (குர்ஆன் விளக்கவுரையில்) ஒரு செய்தி இருக்கிறது. முன்னோரில் ஒருவர், இந்தச் சூராவின் பொருளை ஒரு பனிக்கட்டி வியாபாரியிடம் கற்றதாகச் சொல்கிறார். 'மூலதனம் கரைந்துகொண்டிருக்கும் இவன் மீது இரக்கம் காட்டுங்கள்' என்று அவன் சந்தையில் கூவினானாம். ரஸ்ஸல் மார்க்கெட்டில் மீன் வாங்கப் போகும்போது பிள்ளையைக் கூட்டிப்போய், மீனுக்கடியில் கொட்டியிருக்கும் ஐஸையும் அதிலிருந்து ஓடும் தண்ணீரையும் காட்டுங்கள். வீட்டில் என்றால் தட்டில் ஒரு கட்டியை வைத்துவிட்டு வேறு பேச்சுப் பேசுங்கள். கால் மணி கழித்து, 'யாரும் எடுக்கல, அது எங்கே போச்சு?' என்று கேளுங்கள். அதற்கு மேல் நீங்கள் விளக்கவேண்டாம். பிள்ளை தானே ஏதாவது சொல்லும், சொல்லாவிட்டாலும் மறுநாள் சொல்லும்.

ஆறு, ஏழு வயதில் கேள்வி செயலைப் பற்றி இருக்கட்டும்: 'இன்னிக்கு யாருக்கு உதவி பண்ணே?' எட்டு, ஒன்பதில் நட்பைப் பற்றி: 'உன் ஃப்ரெண்டு பொய் சொல்றான்னு தெரிஞ்சா, அவன் கோவிச்சுக்காம எப்படிச் சொல்லுவே?' பத்துக்கு மேல், 'உண்மைக்குப் பிறகு பொறுமை ஏன் வந்திருக்கு?' என்றே கேட்கலாம். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் கஷ்டப்படவேண்டியிருக்கும் என்று பள்ளிக்கூட அனுபவத்திலேயே அந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தெரியும். 'ஒருவருக்கொருவர்' என்ற பகுதியை வீட்டில் உண்மையாக்குங்கள். பிள்ளை உங்களிடம், 'பொறுமையா இருங்கத்தா' என்று சொன்னால் கோபப்படாமல் ஏற்றுக்கொள்ளவேண்டும். பெரியவர் மட்டுமே அறிவுரை சொல்லும் வீட்டில் இந்த வசனம் பிள்ளைக்குப் புரிய வழியில்லை.

கெடுவது எங்கே? முதலாவது, 'நஷ்டம்' என்பதை நரக பயமாக மட்டும் ஆக்குவது. சூராவில் விதிவிலக்குதான் நீளமான பகுதி, அங்கேதான் அதிக நேரம் இருக்கவேண்டும். இரண்டாவது, பிள்ளையின் குறும்புக்குச் சூராவைச் சாட்டையாக்குவது. 'டிவி பார்க்கிறியே, அல்-அஸ்ர்ல என்ன சொல்லியிருக்கு?' என்று இரண்டு முறை கேட்டால் மூன்றாம் முறை பிள்ளைக்குச் சூராவே கசக்கும். மூன்றாவது, பிள்ளை சொல்லும் எதையும் 'இதுதான் வசனத்தின் விளக்கம்' என்று நிறுத்திவிடுவது. அது பிள்ளையின் எண்ணம், தஃப்ஸீர் வேறு. 'நல்லா யோசிச்சிருக்கே, ஆலிம்கள் என்ன சொல்லியிருக்காங்கன்னும் பார்ப்போம்' என்று தமிழ் விளக்கவுரையைத் திறந்து ஒரு பத்தி வாசித்துக் காட்டினால், சிந்திப்பதற்கும் வரம்பு உண்டு என்பதைப் பிள்ளை நோகாமல் கற்றுக்கொள்ளும்.

ஸஹாபாக்களில் (நபித்தோழர்களில்) இருவர் சந்தித்தால், ஒருவர் மற்றவருக்கு அல்-அஸ்ரை ஓதிக் காட்டாமல் பிரிய மாட்டார்கள் என்று தப்ரானியின் ஹதீஸ் தொகுப்பில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. வேன் வரும் நேரத்தில் வாசலில் நின்று ஒருவருக்கொருவர் ஓதிவிட்டுப் பிரிவதை வழக்கமாக்கலாம். தினம் ஒருமுறை மீள ஓதலும் அதிலேயே முடிந்துவிடும்.

எந்த வீட்டுக்கு எது

நடந்து போகும் தூரத்தில், பிள்ளையைத் தனியாகக் கேட்கும் ஹஜ்ரத் உள்ள மக்தப் இருந்தால் வேறெதையும் தேடவேண்டாம். மக்தப், அதோடு வீட்டில் தமிழில் சிந்தனை: எங்கள் பார்வையில் இதுதான் முதல் தேர்வு. மக்தபில் 40 பிள்ளை, தனியாகக் கேட்பதில்லை என்றால், மூன்று மாதம் மட்டும் வீட்டு ஹஜ்ரத்தை வைத்து எழுத்துகளைத் திருத்திக்கொண்டு, பிறகு மக்தபுக்கு அனுப்புங்கள். மஸ்ஜித் தூரமாக உள்ள அடுக்குமாடியில், எட்டு வயதுக்கு மேல் என்றால் இணையத் தமிழ் உஸ்தாத், வாரம் நான்கு நாளாவது, குரல்பதிவோடு. அதே இடத்தில் பிள்ளைக்கு ஆறு வயது என்றால், அடுக்குமாடியில் உள்ள மூன்று, நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு ஹஜ்ரத்தை ஒரு வீட்டுக்கு வரவழையுங்கள். செலவு பகிர்ந்துவிடும், அவருக்கும் அலைச்சல் குறையும், பிள்ளைக்கும் கூட்டு கிடைக்கும்.

சேர்த்த பிறகு மூன்றாவது வாரக் கடைசியில் ஒரு குரல்பதிவு எடுத்து, முதல் நாள் பதிவோடு வைத்துக் கேளுங்கள். 'குஸ்ரு'வில் உகரம் போயிருக்கிறதா, 'ஹக்'கின் ஷத்து நிற்கிறதா, 'தவாஸவ்' இரண்டும் இருக்கிறதா என்று மூன்றை மட்டும் பாருங்கள். மூன்றில் இரண்டு சரியாகியிருந்தாலே அதே இடத்தில் தொடருங்கள். ஒன்றும் அசையவில்லை என்றால் ஹஜ்ரத்திடம் அந்த மூன்று இடத்தையும் குறிப்பிட்டு மரியாதையோடு சொல்லி, இன்னும் இரண்டு வாரம் பொறுத்து, பிறகு இடத்தை மாற்றுங்கள்.